கட்டி மீண்டும் முளைக்குமா?



சென்ற திங்கள் இப்பகுதியில் வலிப்பு நோயைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைக் கண்ட இராயக்கோட்டைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் வரைந்துள்ளார். மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய தாயாரின் தலையிலிருந்து ஒரு கட்டியைப் பெங்களூரில் அகற்றினார்களாம். “இது புற்றுநோய் அன்று, எடுத்தாகிவிட்டது, ஆனால் ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வர வேண்டும்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். முதலாண்டு போனார்கள். மறு ஆண்டு தக்காளி பறிப்பு நேரம். அதற்கடுத்த ஆண்டு மண்டியில் விலை விழுந்து கையில் பணமில்லை. இப்போது தாயார், “நல்லாத்தானே இருக்கிறேன், போய் எதற்குக் கிளற வேண்டும்?” என்கிறார். சித்தப்பாவோ, மூளைக்கட்டி ஒருமுறை வந்தால் விடாது என்று அச்சுறுத்துகிறார். மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார் வரையில் இச்செய்தி எட்டியிருக்கிறது. “சாமி, மறுபடி வருமா வராதா என்று டாக்டர்களால் முன்னாடியே சொல்ல முடியாதுங்களா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் நோயாளிகளின் கட்டிலருகே நெடுங்காலம் நின்று பழகியதால், இக்கேள்வி எத்தனை வீடுகளில் இரவு உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதை அறிவோம். கற்றவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நாம் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம்.

முதலில், கட்டி யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். மூளையைச் சுற்றி மூன்று சவ்வுகள் உறைபோல் அமைந்துள்ளன. அவற்றுள் நடுச் சவ்வின் உயிரணுக்களிலிருந்து தோன்றும் கட்டியையே மருத்துவர்கள் மெனிஞ்சியோமா என்கிறார்கள். மூளையுறைக் கட்டி என நாம் சொல்லலாம். அது மூளைக்குள் பிறப்பதில்லை; மூளைக்கு வெளியே உறையில் ஒட்டி நின்று மூளையை அழுத்துகிறது. மண்டையோட்டினுள்ளேயே பிறக்கும் கட்டிகளில் பெரியவர்களுக்கு மிகுதியாக வருவது இதுவே. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே வளரும். ஆகவே பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, ஒருநாள் வலிப்பாகவோ, தீராத் தலைவலியாகவோ, கால் பின்னுவதாகவோ தன்னை வெளிப்படுத்தும்.

‘மெனிஞ்சியோமா’ என்னும் பெயரை 1922ஆம் ஆண்டில் இட்டவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். அவர் கைப்பட்ட நோயாளிகளுள் ஒருவரது வரலாறு, நம் சகோதரியின் கேள்விக்கு நேரான விடையாக இருப்பதால் அதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

லெனார்ட் உட் என்பவர் மருத்துவம் கற்றுப் படைத்தளபதியானவர். கியூபாவில் பணிபுரிந்த காலத்தில் மேலே தொங்கிய விளக்கில் அவருடைய தலை மோதியது. பின்னர் இடப்பக்கக் காலில் வலுவிழப்பும் இழுப்பும் தோன்றின. (அடிபட்டதனால்தான் கட்டி வந்தது என்று அன்று பலரும் நம்பினர், அதற்கு உறுதியான சான்று இன்றளவும் இல்லை. தலையில் குட்டு வாங்கிய பிள்ளைகளின் தாய்மார் அஞ்ச வேண்டா.) 1910ஆம் ஆண்டில் குஷிங் அவருடைய மண்டையைத் திறந்து, பெரிய உறைக்கட்டி ஒன்றை அகற்றினார். ஸ்கேன் இல்லை, நுண்நோக்கி வைத்து அறுக்கும் வசதி இல்லை, இரத்தம் ஏற்றுவதும் அரிதான காலம் அது. நோயாளி பிழைத்தார், பிழைத்தது மட்டுமன்றி, அதே ஆண்டில் அமெரிக்கப் படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1920இல் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தம் கட்சியின் வேட்பாளராகவும் முயன்றார். 1921 முதல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆளுநராக இருந்தார். ஆனால் கட்டி மெல்ல மீண்டும் வளர்ந்தது. இடப்பக்கம் தளர்ந்தது, பார்வையும் மங்கியது. 1927 ஆகஸ்டு திங்களில் பாஸ்டன் நகரில் அதே குஷிங்கின் கையில் மறு அறுவைக்கு உட்பட்டு, அதனைத் தொடர்ந்து உயிர் நீத்தார்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, புற்றுநோய் அல்லாத கட்டியும் மீண்டும் வரக்கூடும். மற்றொன்று, நடுவே கிடைத்த 17 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் அம்மனிதர் முழு வாழ்வு வாழ்ந்தார். இடையிடையே தலைக்குள் எட்டிப் பார்க்கும் கருவி மட்டும் அன்று இருந்திருப்பின், கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டிருப்பார்கள். அக்கருவி வருவதற்கு 1971ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இலண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் அமைத்த முதல் சி.டி. ஸ்கேன் அவ்வாண்டில்தான் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது.

எடுத்த கட்டி ஏன் மீண்டும் வருகிறது? நம் பகுதி உழவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கொல்லையில் கோரையைப் பிடுங்குகிறோம். மேலே தழை அற்றுப்போகிறது. நிலம் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் மண்ணுக்குள் கிழங்கொன்று தங்கிவிட்டால் அடுத்த மழைக்குப் பச்சை தலைகாட்டும். உறைக்கட்டியும் அத்தகையதே. அது ஒட்டியிருந்த சவ்விலும், சில வேளை அதன்மேலுள்ள எலும்பிலும் அணுக்கள் தங்கியிருக்கலாம்.

இதனை எண்ணிக் கணக்கிட்டவர் டொனால்டு சிம்ப்சன் என்னும் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர். 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரையை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அறுவை எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். கட்டியோடு அது ஒட்டியிருந்த சவ்வையும் கெட்ட எலும்பையும் சேர்த்து எடுத்தல் முதற்படி. கட்டியை முழுதும் எடுத்துவிட்டுச் சவ்வைச் சுட்டுவிடுதல் இரண்டாவது. சவ்வைத் தொடாமல் கட்டியை மட்டும் எடுத்தல் மூன்றாவது. ஒரு பகுதியை விட்டுவைத்தல் நான்காவது. சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் அழுத்தத்தைத் தணிப்பதும் மட்டும் ஐந்தாவது. முதற்படியினருள் 100 பேரில் 9 பேர்க்கும், இரண்டாம் படியினருள் 19 பேர்க்கும், மூன்றாம் படியினருள் 29 பேர்க்கும் கட்டி திரும்பியது என்று அவர் கண்டார். நான்காம் படியில் அது ஏறத்தாழ 40 ஆயிற்று.

இவ்வெண்கள் நுண்நோக்கி அறுவையும் ஸ்கேனும் வருவதற்கு முற்பட்டவை என்பதை மறக்கலாகாது. அக்கால மருத்துவர் நோய்க்குறி தோன்றிய பின்னரே திரும்பியதை அறிந்தார். 2010இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சாதுவான கட்டிகளைப் பொறுத்தமட்டில் இப்படிகளுக்கிடையே அவ்வளவு வேறுபாடு இன்று காணப்படவில்லை என்றும் கூறிற்று. ஆதலின், ‘எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவில்லையே’ என்று அறுவை செய்தவரை நோவது பல வேளைகளில் நியாயமாகாது. தலையுச்சியில் மேற்பரப்பில் இருக்கும் கட்டியை முழுதும் எடுக்கலாம். கண்ணரம்பையோ, மண்டையின் அடித்தளத்து இரத்தக் குழாய்களையோ தழுவி நிற்பதை முழுதும் எடுக்க முனைந்தால் பார்வை போகும், முகம் கோணும், உயிரே போகும். அங்கே சிறிது விட்டுவைப்பதுதான் திறமை. விட்டுவைத்ததைக் கதிர்வீச்சால் அடக்கலாம், கண்காணித்தும் வரலாம்.

இனி, நம் மக்கள் பலர் கோப்புக்குள் மடித்து வைத்துவிட்டுப் படிக்காமலே விடும் தாளுக்கு வருவோம். பயாப்ஸி ரிப்போர்ட் என்பது அது. எடுத்த கட்டியை மெல்லிய சீவல்களாக்கி நுண்நோக்கியின்கீழ் பார்த்து எழுதப்படுவது. அதில் ‘கிரேடு’ என்று 1, 2, 3 ஆகிய எண்களுள் ஒன்று இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாடு அது. இக்கட்டிகளில் 100க்கு 80 அளவில் கிரேடு 1ஐச் சேர்ந்தவை; சாதுவானவை. கிரேடு 2 என்பது இடைப்பட்டது. முதல் வகையைவிடப் பன்மடங்கு மிகுதியாகத் திரும்பும். கிரேடு 3 மிக அரிது, அதுவே புற்றுநோயின் தன்மை உடையது, பெரும்பாலும் திரும்பும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? உயிரணுக்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் காட்சியை நுண்நோக்கியில் எண்ணுகிறார்கள். குறித்த பரப்பில் அத்தகைய பிரிவுகள் 4 முதல் 19 வரை இருந்தால் கிரேடு 2. 20ம் அதற்கு மேலும் இருந்தால் கிரேடு 3. கட்டி அருகிலுள்ள மூளைக்குள் வேர்விட்டிருந்தாலும் இரண்டாம் வகையாகவே கொள்வர். ‘கி-67’ என்றொரு சதவீதமும் ரிப்போர்ட்டில் காணப்படலாம். பெருகும் நிலையிலுள்ள அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்பதைக் காட்டும் எண் அது. உயர்ந்தால் எச்சரிக்கை மிகும். எனினும் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அது வேறுபடுவதுண்டு. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் அழுதல் கூடாது.

நுண்நோக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு கட்டிகளுள் ஒன்று அடங்கிக் கிடப்பதும், மற்றொன்று விரைந்து திரும்புவதும் மருத்துவர்களை நெடுங்காலம் திகைக்கச் செய்தன. விடையை மரபணுக்களில் தேடினர். இக்கட்டிகளில் 22ஆம் குரோமோசோம் குறைபட்டிருப்பதை 1967ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். 2017இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், மரபணுக்களின்மேல் படிந்துள்ள வேதியியல் அடையாளங்களைக் கொண்டு 497 கட்டிகளை ஆராய்ந்து, அவற்றை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினர். எது திரும்பும் என்பதை நுண்நோக்கியைவிட இம்முறை செம்மையாக உரைத்தது. 2019இல் கனடாவின் டொராண்டோ குழுவினர் அவ்வடையாளங்களோடு கிரேடையும் அறுவையின் முழுமையையும் சேர்த்து, ஐந்தாண்டுக்குள் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும் அளவுகோல் ஒன்றை அமைத்தனர். 2021இல் உலக நலவாழ்வு நிறுவனமும், குறிப்பிட்ட இரு மரபணுப் பழுதுகளுள் ஒன்று காணப்பட்டாலே நுண்நோக்கி என்ன சொன்னாலும் அக்கட்டியைக் கிரேடு 3 எனக் கொள்ளலாம் என்று விதித்தது.

இச்சோதனைகள் எங்கும் கிடைப்பவை அல்ல, செலவு மிக்கவை. எல்லார்க்கும் இவை தேவையுமில்லை. சாதுவான கட்டி முழுதும் எடுக்கப்பட்டவர், மரபணுச் சோதனை செய்யவில்லையே என்று நிலத்தை அடகு வைக்க வேண்டா. ஐயத்துக்கு இடமான கட்டிகளில், கதிர்வீச்சு கொடுப்பதா வேண்டாவா என்று மருத்துவர்களே தடுமாறும் இடத்தில்தான் இவற்றின் பயன் மிகுதி. முழுதும் எடுத்த கிரேடு 2 கட்டிக்கு உடனே கதிர்வீச்சு தருவதா, காத்திருந்து பார்ப்பதா என்பதை ஆராயவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன.

இத்தனையும் கேட்டபின், “அப்படியானால் என் அம்மாவுக்கு வருமா, வராதா?” என்றுதான் சகோதரி மீண்டும் வினவுவார். 100 பேரில் 9 பேர் என்றால், அவர் அந்த 9 பேரில் ஒருவரா, 91 பேரில் ஒருவரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. மருத்துவரின் கணிப்பு கோடாங்கியின் குறியன்று. குறி சொல்பவன் ‘வரும்’ என்பான், அல்லது ‘வராது, கயிறு கட்டிக்கொள்’ என்பான். இரண்டிலும் அடுத்து நாம் செய்ய வேண்டியது ஒன்றுமிராது, தட்சிணை தவிர. மருத்துவக் கணிப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை நமக்குச் சொல்கிறது. அதன் பயன் அதுவே. நம் கருத்தில் அது சிறிய பயனன்று.

ஐரோப்பிய நரம்புப் புற்றுநோயியல் சங்கத்தார் 2021இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு ஓரளவு தெளிவான கணக்கைத் தருகிறது. முழுதும் எடுக்கப்பட்ட கிரேடு 1 கட்டிக்கு ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ.; பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை. கிரேடு 2க்கு ஐந்தாண்டு வரை ஆறு திங்களுக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டுதோறும். கிரேடு 3க்கு மூன்று முதல் ஆறு திங்களுக்கு ஒருமுறை. வயது, உடல்நிலை, எச்சம் உண்டா இல்லையா என்பவற்றைப் பார்த்து மருத்துவர் இதனைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார். ஐந்தாண்டு கடந்ததும் விடுதலை என்று எண்ணுவது தவறு. பத்தாண்டு கழித்தும், அதற்கு மேலும் திரும்பியவர்கள் உண்டு.

தாயார் சொல்லும் ‘கிளறுதல்’ பற்றி ஒரு சொல். ஸ்கேன் எடுப்பதால் கட்டி கிளம்பாது. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கப்படும் படம். அதில் எக்ஸ்ரே கதிர்கூட இல்லை. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பதும் சான்றாகாது. முதற்கட்டி வளர்ந்த ஆண்டுகளிலும் அவர் நன்றாகத்தானே இருந்தார்! சிறிதாக இருக்கையில் கண்டால், மண்டையைத் திறக்காமலே கூர்முனைக் கதிர்வீச்சால் அடக்கிவிட இயலும். பெரிதான பின் கண்டால் மறு அறுவை. அது முதல் அறுவையைவிடக் கடினம். ஆகவே விட்டுப்போன இரண்டாண்டுக்காக யாரையும் கடியாமல், அடுத்த பறிப்புக்கு முன் ஒருநாளை ஒதுக்கிப் போய்வருக என்றே அச்சகோதரிக்கு எழுதியுள்ளோம்.

பெண் பார்க்க வந்த வீட்டாருக்கும் ஒரு செய்தி. மூளையுறைக் கட்டி தொற்றாது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் அன்று. ஒரே குடும்பத்தில் பலர்க்குப் பல கட்டிகளும், இள வயதிலேயே செவிட்டுத்தன்மையும் தோன்றும் அரிய மரபு நோய் ஒன்று உண்டு. அதன் அடையாளங்கள் இல்லாத வீட்டில் தாய்க்கு வந்த ஒற்றைக் கட்டியைக் காட்டி மகளின் திருமணத்தைத் தட்டிக் கழிப்பது அறியாமை. அறியாமை என்று மென்மையாகச் சொல்கிறோம்; சில வீடுகளில் அது சீர்வரிசையை உயர்த்தும் தந்திரமாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

பெண்கள் அறிய வேண்டியது மற்றொன்று. இக்கட்டிகளுக்கும் பெண்மைச் சுரப்புகளுக்கும் தொடர்பு உண்டு. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்னும் ஊசி மருந்தை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொண்ட பெண்களுக்கு, அறுவை தேவைப்படும் அளவிலான உறைக்கட்டி மிகுதியாக வருவதை 2024இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. தனியொருத்திக்கு அந்த ஆபத்து இன்னும் சிறிதே. எனினும் ஏற்கெனவே இக்கட்டி வந்தவர், எவ்வித ஹார்மோன் ஊசியோ மாத்திரையோ எடுக்குமுன் தம் கட்டியைப் பற்றி மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும்.

நம் பகுதியினர் பேறு பெற்றவர்கள் என்றே கூறலாம். தென்னிந்தியாவில் மூளை அறுவைக்கு வழி திறந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி; 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கு தொடங்கிய துறையே இந்நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். பின்னர் 1974இல் பெங்களூரில் நிமான்ஸ் உருவாயிற்று. அதன் வாயில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. சேலம்-பெங்களூரு இருப்புப்பாதை நம் இராயக்கோட்டை வழியே செல்கிறது. மைய அரசின் நிறுவனமாதலால் வறியோர்க்குக் கட்டணச் சலுகையும் அங்கு உண்டு. குடும்ப அட்டையை மறவாமல் எடுத்துச் செல்க. கன்னடம் தெரியாதே என்ற அச்சமும் வேண்டா. தமிழும் தெலுங்கும் அறிந்தோர் அங்கு எப்போதும் இருப்பர்.

அடுத்த ஸ்கேன் நாள் வரும்வரை காத்திராமல் உடனே செல்லவேண்டிய அறிகுறிகளும் உள. புதிதாக வரும் வலிப்பு, விடியற்காலையில் வாந்தியோடு எழும் தலைவலி, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், குணத்தில் திடீர் மாற்றம் ஆகியவை அவை. வலிப்பு மாத்திரையை ‘ஆறு மாதமாக வரவில்லையே’ என்று தாமாக நிறுத்துவோர் நம் ஊர்களில் மிகுதி. அது கட்டியைவிட விரைவில் ஆளை வீழ்த்தும்.

கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், அறுவைக்குப்பின் எடுத்த முதல் ஸ்கேன், அடுத்தடுத்த ஸ்கேன்கள் ஆகிய எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சியை ஒரு படத்தை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். படச்சுருளைச் சுருட்டி விட்டத்தில் செருகுவதும், குறுந்தகட்டைக் குழந்தைகள் கையில் கொடுப்பதும் ஆகா. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிம்ப்சன்’ என்ற பெயரும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையேல் அடுத்தமுறை மருத்துவரிடம், “முழுதும் எடுத்தீர்களா, எச்சம் உண்டா, கிரேடு என்ன, அடுத்த ஸ்கேன் எப்போது?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பார்கள். பின்னொரு நாள் ஐயம் எழுந்தால் அதனையே மறுபடி சீவிச் சோதிக்கலாம். ஆகவே பயாப்ஸி ரிப்போர்ட்டின் மேல்மூலையிலுள்ள ஆய்வுக்கூட எண்ணைத் தனியே ஒரு தாளிலும் குறித்து, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.